ஊசி மாட்டிக்கொள்ளவில்லை, அந்த ரெக்கார்டே அப்படித்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பம்பாய் இசைக்கலைஞர் சரண்ஜித் சிங்கைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். தமிழ்ப் பத்திரிகையில் அந்த மனிதருக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் ஒரு கும்பிடு. ஆனால் தலைப்பு? சிகாகோவுக்கு முன்பே ஹவுஸ் இசையைக் கண்டுபிடித்த இந்தியர் என்று போட்டிருக்கிறீர்கள். (ஹவுஸ் என்பது சிகாகோ கிளப்புகளில் டிரம் மெஷின் அடியோடு பிறந்த ஆட்ட இசை.) அது தப்பு. ஒரு ஊருக்கே சேர வேண்டிய பெருமையைப் பிடுங்கி நம் பையில் போட்டுக்கொள்கிற தப்பு. அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் நீளமாகப் போகும், எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், கடைசிப் பத்தியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இதைப் பேச இவன் யார் என்று கேட்பீர்கள். 1983 முதல் 1999 வரை கும்பகோணத்தில் ரெக்கார்டிங் சென்டர் நடத்தியவன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே புரியாது. ஒரு துண்டுத்தாளில் பாட்டு லிஸ்ட் எழுதிக்கொண்டு வருவார்கள், 60 கேசட்டா 90 கேசட்டா என்று கேட்போம், எல்பி ரெக்கார்டுகளிலிருந்து ஒவ்வொரு பாட்டாக எடுத்துக் கேசட்டில் ஏற்றி, உள்ளட்டையில் முதல் வரிகளை மணிமணியாக எழுதி நாலு நாள் கழித்துக் கொடுப்போம். கல்யாண மாதங்களில் நாலு நாள் என்பது பத்து நாளாகும். (காப்புரிமை என்று ஒன்று இருப்பதையே அப்போது எங்களில் யாரும் யோசித்ததில்லை, அந்தப் பாவம் தனி.) இரண்டு டர்ன்டேபிள், மூன்று டெக், ஓர் ஈக்வலைசர், சுவர் முழுக்க ரெக்கார்டு. ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் நம்பர் போட்டு ஒரு பேரேடு வைத்திருந்தேன், எது எத்தனை தடவை கேசட்டில் ஏறியது என்று கோடு போட்டுக்கொண்டே வருவேன். அந்தப் பேரேடு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

அதில் 212-ஆவது வரியில் 'ராகம் - டிஸ்கோ - சிந்தஸைசர், எச்எம்வி' என்று எழுதியிருக்கிறேன். பக்கத்தில் ஒரு கோடுகூடக் கிடையாது.

ஆமாம், நீங்கள் எழுதிய அதே ரெக்கார்டு. 'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்', 1982. பத்து ராகம், பாட்டில்லை, தபலா இல்லை, பம்பாய் சினிமா ஆர்க்கெஸ்ட்ராக்களில் வாசித்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் தனியாக உட்கார்ந்து மூன்று மெஷின்களை வைத்துச் செய்தது. கடை திறந்த புதிதில் சென்னையிலிருந்து வந்த மொத்த ஸ்டாக்கில் இதுவும் ஒன்றாக வந்து சேர்ந்தது. நாலைந்து தடவை கடையில் போட்டேன். கல்லூரிப் பையன் ஒருத்தன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அண்ணே, ஊசி மாட்டிக்கிச்சு பாருங்க." நான் போய் எட்டிப் பார்த்தேன். மாட்டவில்லை. அந்த ரெக்கார்டே அப்படித்தான், ஒரே அடி, ஒரே சுழற்சி, மேலே மட்டும் ராகம் மெல்ல மெல்ல நகரும்.

அதை ரசித்த ஒரே ஆள் பக்கத்துத் தெரு நாகஸ்வர வித்வான். வேறு ஏதோ கேசட் வாங்க வந்தவர், இரண்டாம் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "தம்பி, இது இந்தோளம் இல்லையோ?" உறையைப் பார்த்தேன், மால்கௌன்ஸ் என்று போட்டிருந்தது. அவர்கள் மால்கௌன்ஸ் நம் இந்தோளம்தான். அவர்கள் பூபாலி நம் மோகனம், அவர்கள் யமன் நம் கல்யாணி, எல்லாவற்றையும் அன்றைக்கு அவரே சொல்லிக்கொண்டு வந்தார். "ஸ்வரத்துக்கு ஸ்வரம் எப்படி வழுக்கிக்கிட்டுப் போறான் பாருங்க, மெஷின்னு சொன்னா யார் நம்புவா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா தவிலுக்குத்தான் ஆள் கிடைக்கல போல, ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு." எழுந்து போய்விட்டார்.

அந்த வழுக்கலும் அந்த ஆணியும்தான் விஷயமே. வழுக்கல் ரோலண்ட் டிபி-303, ஆணி அதே கம்பெனியின் டிஆர்-808 என்ற டிரம் மெஷின். 303 ஒரு சின்ன வெள்ளிநிறப் பெட்டி, தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார்காரருக்குத் துணையாக பேஸ் கிட்டார் வாசிக்கட்டும் என்று ஜப்பானில் செய்தார்கள். முதலில் ஸ்வரங்களை மட்டும் வரிசையாக உள்ளே போட வேண்டும், அப்புறம் தாளத்தைத் தனியாகப் போட வேண்டும், இரண்டும் சேர்ந்து வரும்போது நீங்கள் நினைத்தது வராது, வேறு ஏதோ வரும். பேஸ் கிட்டார் மாதிரியும் இருக்காது. யாரும் வாங்கவில்லை, 1984-ல் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்கு விட்டுப்போகாமல் சறுக்கிப் போகிற வசதி அதில் இருந்தது, ராகம் தெரிந்த ஒரு கை அதைச் சும்மா விடுமா? சிங் சிங்கப்பூரில் வாங்கிவந்து அதைத்தான் பிடித்துக்கொண்டார். கமகம் என்று நான் சொல்லமாட்டேன், வித்வான்கள் அடிக்க வருவார்கள். ஆனால் கமகம் போகும் வழியிலேயே கொஞ்ச தூரம் போகிறது.

சரி, இப்போது சிகாகோவுக்கு வருகிறேன். போன வருஷம் மகள் வீட்டுக்குப் போய் மூன்று மாதம் இருந்தேன். மாப்பிள்ளை என்னைவிடப் பெரிய ரெக்கார்டுப் பைத்தியம். "மாமா, உங்களை ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று கிளார்க் தெருவில் இருக்கிற கிராமஃபோன் ரெக்கார்ட்ஸ் கடைக்கு அழைத்துப் போனார். 1969-லிருந்து இருக்கிற கடை. உள்ளே நுழைந்ததும் அந்த வாசனை. பழைய அட்டையும் வினைலும் தூசியும் கலந்த வாசனை, என் கடையில் இருந்த அதே வாசனை, 24 வருஷத்துக்கு அப்புறம். கொஞ்ச நேரம் எதையும் எடுத்துப் பார்க்காமல் சும்மா நின்றேன்.

அங்கே வாங்கியது மூன்று ரெக்கார்டு, மூன்றும் பன்னிரண்டு அங்குல சிங்கிள். எல்பி அளவுதான், ஆனால் ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு பாட்டு. இது ஏன் என்று தொழில்காரனாகச் சொல்கிறேன். எல்பியில் ஒரு பக்கத்தில் 20 நிமிடத்துக்கும் மேலே அடைக்கும்போது ஊசி ஓடுகிற வரிகளை நெருக்கி நெருக்கி வெட்ட வேண்டும். அடிநாதம், அதாவது பேஸ் சத்தம், பெரிதாக இருந்தால் ஊசி அதிகமாக ஆடும், பக்கத்து வரியில் போய் இடிக்கும், அதனால் அடிநாதத்தைக் குறைத்துத்தான் வெட்டுவார்கள். ஒரே பாட்டு என்றால் வரிகளைத் தாராளமாக விலக்கி, ஆழமாக, சத்தமாக வெட்டலாம். ஆட்டத்துக்கான ரெக்கார்டுகள் அந்த வடிவத்துக்குப் போனது இதனால்தான். சிங்கின் பத்து ராகமும் ஒரே எல்பியில் அடைபட்டிருந்தது. என் கடையில் அந்த 808 அடி ஆணி மாதிரி கேட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது, நல்ல ஸ்பீக்கரில் அது ஆணி இல்லை, நெஞ்சில் இடிக்கிற இடி.

அந்த மூன்றில் ஒன்று ட்ராக்ஸ் கம்பெனி வெளியிட்ட பழைய பிரதி, லாரி ஹெர்ட் 1986-ல் செய்த 'கேன் யூ ஃபீல் இட்'. ஊசியை வைத்ததும் மகள் அடுக்களையிலிருந்து, "என்னப்பா, எண்ணெய்ல கடுகு பொரியுது?" என்றாள். அப்படி ஒரு கரகரப்பு. அந்தக் கம்பெனி முதலாளி லாரி ஷெர்மனுக்குச் சொந்தமாக ரெக்கார்டு வார்க்கும் ஆலை இருந்தது; விற்காத பழைய ரெக்கார்டுகளை, நடுவில் ஒட்டிய காகிதத்தைக்கூடச் சரியாகப் பிரிக்காமல், உருக்கிப் புதுசு வார்த்தார் என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். யார் யாருடைய தோற்றுப்போன பாட்டோ உருகி அதன்மேல் இந்தப் பாட்டு. கடுகு பொரிவதைத் தாண்டிக் கேளுங்கள், இரவு இரண்டு மணிக்கு வெறிச்சோடிய பஸ் ஸ்டாண்டில் தனியாக நிற்கிற மாதிரி ஒரு அமைதி அதில் இருக்கிறது. ஆட்டப் பாட்டில் அப்படி ஓர் அமைதியை நான் அதுவரை கேட்டதில்லை. இதைச் செய்தவருக்கு உரிய பணம் வரவில்லை என்று அவரும் பாடகர் ராபர்ட் ஓவன்ஸும் 2020-ல் அந்தக் கம்பெனிமேல் வழக்குப் போட்டு, 2022-ல் சமரசமாகித் தங்கள் பாட்டுகளின் உரிமையைத் திரும்ப வாங்கினார்கள். 36 வருஷம்.

மறுநாள் மாப்பிள்ளை சவுத் ஜெஃபர்சன் தெரு 206-ஆம் எண் கட்டடத்தைக் காட்டினார். மூன்று மாடி, பார்த்தால் ஒன்றுமே இல்லை, நம் ஊர் அரிசி மண்டி இதைவிட அழகாக இருக்கும். 1977-ல் அங்கே வேர்ஹவுஸ் என்று ஒரு கிளப் தொடங்கியது. நியூயார்க்கிலிருந்து ஃப்ராங்கி நக்கிள்ஸ் என்ற இளைஞரை ரெக்கார்டு போட வரவழைத்தார்கள். வந்து ஆடியவர்கள் பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள், அதிலும் தன்பாலின ஈர்ப்புள்ளவர்கள், அதாவது வேறு எந்த இடத்திலும் நிம்மதியாக ஆட முடியாதவர்கள். சனிக்கிழமை ராத்திரி ஆரம்பித்தால் ஞாயிற்றுக்கிழமை காலை தாண்டியும் போகும். அந்த ஊர் ரெக்கார்டுக் கடை ஒன்றில் வேர்ஹவுஸில் கேட்டவை என்று பெட்டியில் எழுதி வைக்க, அது சுருங்கி ஹவுஸ் என்று ஆனது, பெயர் வந்த கதை இதுதான். அந்தத் தெருவுக்கு 2004-ல் நக்கிள்ஸ் பெயரை வைத்தார்கள். 2014-ல் அவர் போய்ச் சேர்ந்தார். கட்டடத்தை 2023-ல் நகரப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள்.

இதற்கு நடுவில் ஒரு சம்பவம். 1979 ஜூலை 12, அதே ஊர், கொமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானம். ரேடியோவில் பேசிக்கொண்டிருந்த ஸ்டீவ் டால் என்பவருக்கு டிஸ்கோ என்றாலே ஆகாது. ஒரு டிஸ்கோ ரெக்கார்டு கொண்டுவந்தால் 98 சென்ட்டில் உள்ளே வரலாம் என்று அறிவித்தார்கள், ஏறக்குறைய 50,000 பேர் வந்தார்கள், இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே ஒரு பெரிய பெட்டி நிறைய ரெக்கார்டுகளை மைதானத்தில் வைத்து வெடித்தார்கள். கூட்டம் தரையில் இறங்கி அமளி செய்ததில் இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. அன்றைக்கு அங்கே ஆட்களுக்கு இருக்கை காட்டும் வேலையில் இருந்த பையன் வின்ஸ் லாரன்ஸ், சிந்தஸைசர் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தவர். வந்து குவிந்ததில் டிஸ்கோவே அல்லாத கறுப்பினப் பாடகர்களின் ரெக்கார்டுகளும், கர்ட்டிஸ் மேஃபீல்டு, ஓட்டிஸ் கிளே என்று, கிடந்ததைப் பார்த்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். எதை வெடிக்கிறார்கள் என்று பையனுக்குப் புரிந்துவிட்டது. அதே பையன் ஜெஸ்ஸி சாண்டர்ஸோடு சேர்ந்து செய்த 'ஆன் அண்ட் ஆன்' 1984-ல் வந்தது. ரெக்கார்டாக வெளியான முதல் ஹவுஸ் பாட்டு என்று பலரும் சொல்வது அதைத்தான்.

வெடித்த பிறகு என்ன ஆயிற்று என்றால், பெரிய கம்பெனிகள் டிஸ்கோவைக் கைவிட ஆரம்பித்தன. புதுச் சரக்கு வரத்துக் குறைந்தது. நக்கிள்ஸ் என்ன செய்தார்? கையில் இருந்த பழைய ஃபிலடெல்ஃபியா ரெக்கார்டுகளையும் சால்சோல் கம்பெனி ரெக்கார்டுகளையும் ஸ்பூல் டேப்பில் ஏற்றி, வெட்டி ஒட்டி, நல்ல இடத்தை மட்டும் நீட்டி, அடியில் டிரம் மெஷின் சேர்த்துப் போட்டார். நானும் ஸ்பூல் டேப்பை பிளேடால் வெட்டி ஒட்டியவன், அது எவ்வளவு பொறுமையான வேலை என்று தெரியும், ஒரு மயிரிழை தப்பினால் தாளம் நொண்டும். ஹவுஸ் பிறந்ததே இப்படித்தான், ஊரே குப்பை என்று வெடித்த பழைய ஆட்ட ரெக்கார்டுகளை ஒருத்தர் திரும்ப எடுத்துப் போட்டதில். உங்கள் கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

அப்புறம் ஆசிட் ஹவுஸ், அதாவது அந்த 303-ன் முனகலை வைத்துச் செய்த ஹவுஸ். டிஜே பியர், ஸ்பாங்கி, ஹெர்ப் ஜே என்று மூன்று பேர், பெயர் ஃபியூச்சர். அந்த யாரும் வாங்காத 303 பெட்டி பழைய சாமான் கடையில் சல்லிசாகக் கிடைத்தது. கையேடு இல்லை போலிருக்கிறது, திருகுகிற குமிழையெல்லாம் ஓடும்போதே திருகினார்கள், பெட்டி முனக ஆரம்பித்தது. டேப்பைக் கொண்டுபோய் மியூசிக் பாக்ஸ் கிளப்பில் ரெக்கார்டு போடுகிற ரான் ஹார்டியிடம் கொடுத்தார்கள். அவர் ஒரே ராத்திரியில் அதை நாலு தடவை போட்டார் என்பது கதை. முதல் தடவை தரையில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நகர்ந்துவிட்டார்கள். நாலாவது தடவை போட்டபோது கூட்டத்துக்கு வெறி பிடித்துவிட்டது. அது 'ஆசிட் ட்ராக்ஸ்' என்ற பெயரில் 1987-ல் ரெக்கார்டாக வந்தது, 11 நிமிடத்துக்கும் மேலே ஓடும்.

இந்தப் பையன்கள் சரண்ஜித் சிங்கைக் கேட்டதில்லை. சிங்குக்கு இவர்களைத் தெரியாது. ஒரே மெஷின், இரண்டு ஊர், அவ்வளவுதான் சம்பந்தம். ஐந்து வருஷம் முந்தியதால் அவர் கண்டுபிடித்தார் என்று சொல்வது, இரண்டு வீட்டில் தனித்தனியாகத் தோசை சுட்டால் முதலில் அடுப்பைப் பற்றவைத்தவர்தான் இரண்டாவது வீட்டுத் தோசைக்கும் சொந்தக்காரர் என்பது மாதிரி. சிங் செய்தது ராக ஆலாபனைக்கு டிஸ்கோ அடி போட்டது. அதற்காகவே அவரைக் கொண்டாடலாம், அதற்கு இன்னொருவர் சொத்து வேண்டாம்.

என்னை உறுத்துவது வேறு. அங்கே நாலு தடவை போட ஒரு ரான் ஹார்டி இருந்தார், மூன்று தடவை ஒதுங்கினாலும் வீட்டுக்குப் போகாத ஒரு கூட்டம் இருந்தது. இங்கே? நான் நாலைந்து தடவை போட்டேன், கும்பகோணத்தில் மதியம் மூன்று மணிக்கு, கேசட் வாங்க வந்து நின்றவர்களுக்கு. ஆட இடமும் இல்லை, ஆடுகிற ஆளும் இல்லை. பையன் ஊசியைப் பார்க்கச் சொன்னான். நானும் எழுந்துபோய்ப் பார்த்தேனே தவிர, இன்னொரு தடவை கேளுடா என்று சொல்லவில்லை. 1982-ல் அந்த ரெக்கார்டு எங்கேயும் விற்கவில்லை. 2002-ல் எடோ பௌமன் என்ற டச்சுக்காரர் டெல்லிக் கடை ஒன்றில் அதைத் தற்செயலாக எடுத்தார். அவர் காது சிகாகோவில் பழகிய காது, அதனால் ஊசி மாட்டிக்கொண்டதாக அவருக்குத் தோன்றவில்லை. 2010-ல் தன் பாம்பே கனெக்‌ஷன் கம்பெனி வழியாக மறுபடி வெளியிட்டார். இது உண்மையாக இருக்காது, யாரோ வெள்ளைக்காரர் இப்போது செய்து பழைய உறை போட்டு ஏமாற்றுகிறார் என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். எழுபது வயதைத் தாண்டிய பிறகு சிங் ஐரோப்பிய மேடைகளில் அதே ராகங்களை வாசித்தார், 2015-ல் மும்பையில் காலமானார். ஆக, சிகாகோவுக்கு அவர் எதுவும் கொடுக்கவில்லை, சிகாகோதான் அவரைக் கேட்கத் தெரிந்த காதைக் கொடுத்தது. தலைப்பு இப்படி இருந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்கமாட்டேன்.

இப்போது வீட்டில் ஒரு பழைய டர்ன்டேபிளைச் சரிசெய்து வைத்திருக்கிறேன், பெல்ட்டும் ஊசியும் புதுசு. சிகாகோவில் வாங்கிய மூன்றும் ஓடுகிறது. பேரனுக்கு அந்த 11 நிமிடம் மனப்பாடம், வாயால் முனகிக் காட்டுவான், அவன் பாட்டி காதைப் பொத்திக்கொள்வாள். சிங்கின் ராகங்களை மட்டும் போனில்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

ஏனென்றால், இதுதான் வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட பத்தி, 1999-ல் கடையை மூடியபோது எல்லா ரெக்கார்டையும் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டேன். 212-ஆம் நம்பரும் அதில் போயிற்று. சாக்கு சாக்காகக் கட்டி மூன்று சக்கர வண்டியில் ஏற்றினார், நானே ஒரு கை பிடித்தேன். உருகிப் பக்கெட்டாகியிருக்கலாம். ஆனால் சில சாக்குகளை உறை நன்றாக இருக்கிறது என்று தனியாக எடுத்து வைத்ததையும் பார்த்தேன். என் கடை ரெக்கார்டு எல்லாவற்றிலும் உறையின் பின்பக்கம் வலது மூலையில் ஊதா மையில் வட்ட முத்திரை இருக்கும், அதன் கீழே என் கையால் எழுதிய நம்பர். கும்பகோணம், தஞ்சாவூர், மாயவரம் பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது அந்த முத்திரையோடு 212 இருந்தால் பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதிப்போடச் சொல்லுங்கள். விலை பேச வரமாட்டேன், திருப்பிக் கேட்கவும் மாட்டேன். டர்ன்டேபிளை நானே தூக்கிக்கொண்டு வருகிறேன், இரண்டாம் பக்கம் மட்டும் ஒரு தடவை போட்டுக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறேன்.

இப்படிக்கு,
பழைய ரெக்கார்டிங் சென்டர்காரன்,
கும்பகோணம்